கங்காரு தாய் பராமரிப்பும் செவிலியரும்: பட்டமளிப்பு விழா உரை

பிறந்த குழந்தையைத் துடைத்து, இடையில் துணி ஏதும் இல்லாமல் தாயின் மார்பில் குப்புறக் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துவதே தோலோடு தோல் அணைப்பு. ஈரத்தோடு வெளியே வரும் சிசுவுக்குக் குளிர்தான் முதல் எதிரி. தாயின் உடற்சூடு அதைத் தடுக்கிறது. மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன, இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்குவதில்லை. யாரும் குறுக்கிடாவிட்டால், நலமாகப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள் தாமாகவே மார்பைத் தேடிச் சீம்பால் குடிக்கத் தொடங்கும்.

எடை குறைந்த குழந்தைகளுக்கு இதையே சிகிச்சையாக்கிய ஊர் கொலம்பியாவின் பொகோட்டா. 1978-இல் அங்கே தாய்சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை, நோய்த்தொற்றும் அதிகம். எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் தாய்மாரின் மார்பையே இன்குபேட்டராக்கினார். அதுவே கங்காரு தாய் பராமரிப்பு. பற்றாக்குறையில் பிறந்ததாலேயே இது ஏழை நாட்டு வைத்தியம் என்று வெகுகாலம் ஒதுக்கப்பட்டது. கருவி இருந்தால் கருவியில் வைப்பது, இல்லாவிட்டால் தாயிடம் கொடுப்பது என்றே பலரும் நினைத்தார்கள்.

2021-இல் வெளியான ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவை எட்டாமலும் இருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அதில் இடம்பெற்றன. உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்ததும் அணைப்பு தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவை 12 சதவீதம். வழக்கமான பிரிவில் 15.7 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் அணைப்பைப் பரிந்துரைத்தது.

எட்டு மணி நேரம் என்று எழுதுவது சுலபம். தையல் வலியும் கையில் டிரிப்பும் உள்ள தாயை அத்தனை நேரம் சாய்ந்திருக்கச் செய்வது செவிலியரின் திறமை. முன்பக்கம் திறக்கும் நைட்டி, நடுவே ஒரு திரை, முதுகுக்கு இரண்டு தலையணை: வேலை இங்கே தொடங்குகிறது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். மார்பகங்களுக்கு நடுவே நிமிர்த்தி, தவளையைப் போலக் கால்களை மடக்கி, தலையை ஒருபக்கம் திருப்பி, கழுத்து மடங்காதபடி முகவாயைச் சற்றே உயர்த்த வேண்டும். கட்டும் துணி காதுக்குக் கீழே நிற்க வேண்டும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் படவேண்டும். மார்பில் வைத்தாயிற்று என்று நகர்ந்துவிடுவதற்கில்லை. அரிதாகச் சில குழந்தைகளுக்குத் திடீரென்று மூச்சு நின்றுவிடுவதுண்டு. ஆகவே முதல் இரண்டு மணி நேரம் நிறத்தையும் மூச்சையும் அடிக்கடி பார்த்து, பாதத்தைத் தொட்டுச் சூடு அறிய வேண்டும். மயக்க மருந்தின் தூக்கத்தில் இருக்கும் தாயிடம் குழந்தையைத் தனியே விடக்கூடாது.

நலமான குழந்தைக்கு எடை பார்ப்பதும் வைட்டமின் கே ஊசியும் ஒரு மணி நேரம் பொறுக்கும். வராந்தாவில் காத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு முகம் காட்டுவது அதைவிடவும் பொறுக்கும். பல இடங்களில் அணைப்பு முறிவது இவற்றுக்காகக் குழந்தையை எடுப்பதால்தான். 'சளி பிடிக்கும்' என்று தடுக்கும் பாட்டியிடம் வாதாடுவதைவிட, குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது பலன் தரும். தாய்க்கு முடியாத வேளையில் அந்தப் பாட்டியோ, அப்பாவோ அணைத்துக்கொள்ளலாம்.

தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே குழந்தையின் அருகில் தாய்க்கும் கட்டில் உண்டு. அங்கே செவிலியர் தாயையும் சேயையும் சேர்த்தே கவனிக்கிறார்கள். இன்று பட்டம் பெறும் செவிலியர் பணியில் சேரும் பிரிவில் அந்தக் கட்டில் இல்லையென்றால், நிர்வாகத்திடம் முதலில் கேட்டுப் பெறவேண்டியது அதுதான்.