உளுந்து விதைக்காத வயல்

முந்தானையில் குழந்தையைப் பொதிந்துகொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கிழவன் எப்போது முடிப்பான் என்று காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கும் கபடிக் குழுவின் தம்பிமார்களே!

படிப்பகத்தின் ஆண்டு விழா என்று என்னை அழைத்தார்கள். கம்பனைப் பற்றியோ காவிரியைப் பற்றியோ நாலு வார்த்தை சொல்வான் என்று எண்ணித்தான் அழைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேடைக்கு வரும் வழியில், அறுவடை முடிந்த இந்த வயலில் தாளைச் செதுக்கி, வெடிப்புகளில் மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருக்கும் அந்த ஆடுகளத்தைப் பார்த்ததும், கொண்டுவந்த குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கு நான் பேசப்போவது சடுகுடுவைப் பற்றி. நீங்கள் கபடி என்று சொல்லுவதைப் பற்றி.

நான் பிறந்தது குடமுருட்டிக் கரையில். சித்திரை வைகாசியில் ஆறு வற்றிப்போய், கரைக்குக் கரை வெள்ளை வெளேரென்று மணல் கிடக்கும். நிலாக் காலத்தில் இராச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அந்த மணலில்தான் இருப்போம். பந்து வேண்டியதில்லை, மட்டை வேண்டியதில்லை, காலால் கிழித்த ஒரு கோடு போதும். விழுந்தால் அடிபடாது; அடிபட்டாலும் வீட்டில் சொல்ல மாட்டோம். எங்களுக்குக் கழகமும் கிடையாது, தலைவரும் கிடையாது, ஆற்று மணலே எங்கள் கழகம். பிற்பாடு அந்த மணலை லாரிகள் அள்ளிக்கொண்டு போயின. ஆற்றின் நடுவே பள்ளமும் நாணலும் கருவேலமும் மிஞ்சின, பிள்ளைகள் கரையேறினார்கள். மணல் போனதால் நிலத்தடி நீர் போயிற்று என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நியாயந்தான். ஒரு தலைமுறையின் விளையாட்டு மைதானமும் அதோடு போயிற்று என்று எழுதினவரை நான் பார்த்ததில்லை.

ஆகவே, இன்று தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கோ திருக்காட்டுப்பள்ளிக்கோ பஸ்ஸில் போகையில், வழிநெடுகச் சுவரிலும் டீக்கடைத் தூணிலும் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் பார்க்கும்போது, மணலை இழந்த பிள்ளைகள் தரிசில் வந்து சேர்ந்த கதையைத்தான் அதில் நான் படிக்கிறேன். ஊருக்கு ஒரு குழு என்பது போய், தெருவுக்கு ஒரு குழு என்றாகிவிட்டது. பல இடங்களில் சீனியர், ஜூனியர் என்று இரண்டு செட். தை பிறந்தால் மைக் செட்டுக்காரருக்கு ஓய்வில்லை. வர்ணனை செய்கிறவரின் தொண்டைக்கும் ஓய்வில்லை. அவர் கையாளும் உபமான உபமேயங்களை நம் புலவர்கள் ஒரு நாள் வந்து கேட்டால் நல்லது.

இந்த உற்சாகத்துக்குக் காரணம் தொலைக்காட்சி என்று சிலர் சொல்லுகிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கிற்று. 2017-ல் தமிழ் தலைவாஸ் என்ற நம் மாநில அணி அதில் சேர்ந்தது. கோவணத்து விளையாட்டு என்று ஏளனம் செய்யப்பட்ட ஒன்றுக்கு வர்ண விளக்கும் ஏலத் தொகையும் வந்து சேர்ந்தன. காவல் துறையிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம் கிடைக்கும் என்ற ஆசையும் உண்டு. அந்த ஆசையை நான் குறைவாக மதிக்கவில்லை, ஒரு போக விளைச்சலை நம்பிக் கடன் வாங்கும் வீட்டில் அது பெரிய ஆசை. ஆனால் தொலைக்காட்சி பார்க்கிறவன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாமே? எழுந்து வந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்ள வேறொரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அவன் பனியனின் முதுகில் இருக்கிறது. அங்கே எண்ணுக்கு மேலே எழுதியிருப்பது அவன் பெயரன்று, அவன் ஊரின் பெயர்.

கல்லணைக்கு அருகே, கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நெருக்கத்தில், திருச்சனம்பூண்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. சோழர் காலத்துச் சிவாலயம் ஒன்று அங்கே உண்டு. கல்வெட்டு ஆராய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை. அந்த ஊர்ப் பிள்ளை தர்மராஜ் சேரலாதன், 2016-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி லீக் கோப்பையை வென்றார்; அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய இந்திய அணியிலும் இருந்தார். பிகாரிலும் அரியானாவிலும் இருந்து வந்த இளைஞர்கள் அவரை ‘அண்ணா’ என்று நம் சொல்லாலேயே அழைத்தார்கள். பாய்ந்து போய்ப் புள்ளி எடுக்கிறவரல்லர் அவர், தடுப்பாட்டக்காரர். காத்திருந்து கணுக்காலைப் பிடிக்கிற ஆள். வயலில் வளர்ந்தவனுக்குப் பொறுமை புதிதா என்ன?

இன்னொன்று சொல்லுகிறேன். வடுவூர் என்றால் என் தலைமுறைக்கு துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்கள். அவருடைய ‘மேனகா’ 1935-ல் பேசும் படமாகவும் வந்தது. பக்தர்களுக்கு வடுவூர் என்றால் கோதண்டராமர். விஞ்ஞானிகளுக்கு, 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்ற பறவைகள் ஏரி. இன்றைக்கு இந்தத் தம்பிகளிடம் வடுவூர் என்று சொல்லிப் பாருங்கள், அபினேஷ் என்பார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில், ஈரானை 35-32 என்ற நூலிழை வித்தியாசத்தில் வென்று தங்கம் வாங்கிய இந்திய ஆண்கள் அணியில் அந்த ஊர்ப் பிள்ளை இருந்தார். அதே போட்டியில் பெண்கள் அணி ஈரானை 75-21 என்று வென்றது. அதன் துணைத் தலைவி கார்த்திகா, சென்னையின் கண்ணகி நகரிலிருந்து வந்தவர். இருவரையும் தமிழக அரசு அழைத்து ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்துக் கௌரவித்தது.

கண்ணகி நகர் எப்படிப்பட்ட இடம் என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளை அப்புறப்படுத்தி, நகரத்தின் விளிம்பில், பழைய மகாபலிபுரம் சாலையோரம் கொண்டுபோய் அடுக்கிய குடியிருப்பு அது. அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கினவர்கள் உண்டு. தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசி, பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிச் சமாளித்த பிள்ளைகள் வளர்ந்த இடத்தில் ஒரு பெண், அதே பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு தேசம் முழுவதும் சொல்லும்படி செய்துவிட்டாள். வடுவூருக்கு ஏற்கெனவே கீர்த்தி உண்டு. கண்ணகி நகருக்கு அவள் முதலில் அபகீர்த்தியைத் துடைக்க வேண்டியிருந்தது. ஆகையால் இரண்டு தங்கமும் ஒரே எடையல்ல என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஊர்ப் பெயருக்காக ஆடுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அயர்லாந்து தேசத்தில் ஹர்லிங் என்று ஒரு விளையாட்டு. வளைந்த மட்டையால் சிறு பந்தை அந்தரத்திலேயே அடித்துக்கொண்டு ஓடுகிற வேகமான ஆட்டம். அந்நிய ஆட்சியில் நலிந்துகொண்டிருந்த அதைக் காப்பாற்ற, 1884-ல் தர்லஸ் என்ற சிற்றூரில் ஒரு சிலர் கூடிக் கேலிக் தடகளச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மாதாகோயில் பங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கழகம் என்பதே அடித்தளம். பிறந்த பங்குக்குத்தான் பெரும்பாலும் ஆடுவார்கள். டப்ளின் நகரத்து மைதானத்தில் எண்பதாயிரம் பேர் கூடுகிற இறுதியாட்டத்தில் ஆடுகிறவனும் ஆட்டத்துக்கென்று சம்பளம் வாங்குவதில்லை. மறுநாள் வகுப்பெடுக்கவோ மாட்டைக் கவனிக்கவோ போய்விடுவான். 2018-ல் யுனெஸ்கோ அந்த விளையாட்டை மானுடப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இதை நான் பொறாமையோடு சொல்லுகிறேன். அவர்களுடைய கழகங்களில் மிகப் பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு மைதானம் இருக்கிறது.

நம் சடுகுடுவுக்கும் பெருமைக்குக் குறைவில்லை. அபிமன்யு சக்கர வியூகத்தில் புகுந்ததே முதல் கபடி என்று மேடைகளில் சொல்லுவார்கள். திரும்பி வராதவனை நம் ஆட்டத்துக்கு முன்னோடியாக வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற தேகப்பயிற்சிக் கழகத்தார் சடுகுடுவை ஆடிக் காட்டினார்கள். 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் இந்தியா முழுவதும் சேர்ந்து வாங்கிய ஒரே தங்கம் கபடியில் கிடைத்ததுதான். 2018-ல் ஜகார்த்தாவில் ஈரானியர் ஆண்கள் தங்கத்தையும் பெண்கள் தங்கத்தையும் தட்டிக்கொண்டு போனதும் நடந்தது. அது நமக்கு நல்ல வைத்தியம்.

இதிலெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. கிரிக்கெட்டில் எதிரி அறுபது அடிக்கு அப்பால் நிற்கிறான். டென்னிஸில் நடுவே வலை. கபடியிலோ தொட்டால்தான் ஆட்டம், பிடித்தால்தான் புள்ளி. தொடுவதையே தீட்டு என்று வைத்திருந்த தேசத்தில், ஒருவன் காலை ஒருவன் மார்போடு அணைத்துப் புரண்டு, ஒரே புழுதியைப் பூசிக்கொண்டு எழுந்திருக்கிற விளையாட்டு கிராமத்தின் நடுவே பிழைத்திருந்தது சாமானியமான விஷயமன்று. அப்படியிருக்க, கழகங்கள் பெருகப் பெருக, இந்தத் தெருவுக்கு இந்தக் குழு, அந்தத் தெருவுக்கு அந்தக் குழு என்று பிரிந்து, பனியனின் வர்ணத்திலும் சுவரொட்டியின் படத்திலும் ஜாதியை எழுதி வைக்கிற காரியத்தைப் பார்க்கும்போது, கசப்பாக இருக்கிறது. எதிரணிக்காரனின் கணுக்காலைத் தொடலாம், பக்கத்துத் தெருக்காரன் என் அணியில் நின்று என் கையைக் கோத்துக்கொள்ளக் கூடாது என்றால், தம்பிகளே, உங்கள் சங்கிலிப் பிடி எங்கே நிற்கும்? மேலத் தெரு, கீழத் தெரு என்று பாராமல் ஏழு பேரைப் பொறுக்கிய குழு ஒன்று இங்கே இன்று ஆடப்போகிறது என்று செயலாளர் என் காதில் சொன்னார். எந்தக் குழு என்று நான் சொல்லப்போவதில்லை; ஆட்டத்தில் கண்டுகொள்ளுங்கள்.

பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் ஆடுகிறார்கள், முதலமைச்சர் கோப்பை வரைக்கும் போகிறார்கள். பிளஸ் டூ முடிந்ததும் எங்கே போகிறார்கள்? பையனுக்கு ஊரில் குழு இருக்கிறது. பெண்ணுக்குப் பள்ளியின் கதவு மூடியதோடு ஆட்டமும் மூடிவிடுகிறது. ஆசியப் போட்டியில் பெண்கள் கபடி 2010-லேயே வந்துவிட்டது, நம் தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியாக, இடத்தைப் பற்றி. தஞ்சாவூர் நகரத்தில் அன்னை சத்யா விளையாட்டரங்கம் போல ஒன்றிரண்டு உண்டு. அங்கே போக பஸ் கட்டணமும் பொழுதும் வேண்டும். சர்வதேசப் போட்டிகள் மேட் விரிப்பில் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலோடு பழகிய பிள்ளை அதில் முதல் நாள் வழுக்குகிறான். கிராமத்திலோ சங்கதி வேறு. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. நிலம் சும்மா கிடப்பதேயில்லை. தை மாசியில் அறுவடையானதும் தரிசுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உங்களுக்குத் தெரியும்: அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே, நிற்கிற நெல்லுக்குள் ஈரம் காயுமுன் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவோம், பனியிலேயே அது முளைத்து வளரும். குடியானவன் கையில் ரொக்கமாக நிற்கிற காசு பல வீடுகளில் அந்த உளுந்துக் காசுதான். ஆகவே நெல் வயலில் ஆடுகளம் வேண்டுமென்றால், யாரோ ஒருவர் மார்கழியிலேயே தீர்மானித்து, தம் வயலில் உளுந்து தெளிக்காமல் விட வேண்டும். கோப்பையில் அவர் பெயர் இராது, நோட்டீஸில் நன்கொடையாளர் வரிசையிலும் இராது.

இந்த விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மேடையில் இருக்கும் எங்கள் யாரையும் விட அதற்கு உரியவர் ஒருவர், பின்வரிசைக்கும் பின்னால், வாய்க்கால் மதகின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். இந்த வயல் அவருடையது என்று வரும்போதே விசாரித்துக்கொண்டேன். மூன்றாவது வருஷமாக இதில் அவர் உளுந்து போடவில்லையாம். தம்பி, முன்னால் நிற்கிற நீல பனியன், இங்கே வா. இதைக் கொண்டுபோய் அவர் தோளில் போட்டுவிட்டு வா. அவர் வேண்டாமென்று சொல்லுவார், விடாதே. நீ திரும்பி வந்ததும் ஆட்டத்தைத் தொடங்கலாம்.