கடைசிக்காலத்து வீடு: கரையிலா, ஊருக்குள்ளா?

கடலைப் பார்த்தபடி வீடு இருந்தால்தான் கடைசிக்காலம் நிம்மதி என்று எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். நானும் கை தட்டினேன். ஆனா கோட்டுச்சேரிமேட்டில் நாற்பது வருஷம் படகு ஓட்டின பெரியவருக்குக் கடல் என்ன காட்சிப்பொருளா? வேலைக்குப் போய்வந்த இடமுங்க அது!

அவருக்கு வேண்டியது ஜன்னல் இல்லை. படகு கண்ணுக்குத் தெரியணும், வலையைச் சரிபார்க்க நிழல் வேணும், பேச நாலு பேர் வேணும். கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போதுமே!

தூங்குற இடம் வேற. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக்கால் கரைக்கு வந்த சுனாமி, சொல்லிவிட்டா வந்தது? இளவட்டம் ஓடிரும், மூட்டுவலிக்காரர் ஓடுவாரா? உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களுக்கு 1991இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2019 அறிவிக்கை சில இடங்களுக்குத் தளர்வு தந்தது. சட்டம் தளரலாம், கடல் தளராதய்யா! (கைதட்டல்)

அதுக்காக, பிள்ளைகளே, அப்பாவை ரெண்டு மைல் தள்ளி உட்கார வெச்சிடாதீங்க. நடந்து போய்வரும் தூரத்தில், மேடான இடமாப் பார்த்துக் கட்டுங்க. பகலில் அவர் கரைக்குச் சொந்தம்; ராத்திரி உங்களுக்குச் சொந்தம்.