தடித்த எழுத்தும் தலைப்பும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து இளைஞர் பலர் இந்நாளில் அலுவலகங்களிற் கணினி முன் அமர்ந்து அறிக்கைகள் எழுதுகின்றனர். அவர்கட்குப் பயன்படும் பொருளொன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

தொல்காப்பியம் 3 அதிகாரங்களை உடையது. அதிகாரந்தோறும் 9 இயல்களாக இயல்கள் 27. அதிகாரத்தின்கீழ் இயல், இயலின்கீழ் நூற்பா என்னும் இவ்வரிசை யாண்டும் பிறழாமையின், மனனஞ் செய்வோனும் தான் நிற்கும் இடத்தை அறிவான். அலுவலக அறிக்கைக்கும் இவ்வொழுங்கே வேண்டற்பாலது.

நாம் செய்வது யாது? தலைப்பென்று கண்ட இடத்தெல்லாம் எழுத்தைத் தடிப்பாக்கி அளவைப் பெருக்குகின்றோம். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ வெறுந் தடித்த வரி. யாமும் இவ்வாறு செய்து இடர்ப்பட்டேம். ஒருகால் பள்ளி ஆண்டறிக்கையை எழுதி முடித்தபின், தலைப்பெழுத்தைச் சிறிதாக்குமாறு தலைமையாசிரியர் பணித்தார். ஒவ்வொன்றாய்த் திருத்துதற்கு ஓரிரவு கழிந்தது. அச்சேறியபின் நோக்க, நான்கு தலைப்புகள் பழைய அளவிலேயே நின்றன. பொருளடக்கத்தின் பக்க எண்களும் பிழைபட்டிருந்தன. பிழை எம்முடையதே.

மைக்ரோசாப்ட் வேர்டு, லிபரெ ஆபீஸ் ஆகிய இரண்டிலும் ‘ஸ்டைல்’ என்னும் அமைப்பு உண்டு. அதன்கண் ‘ஹெடிங் 1’ அதிகாரத்தையும் ‘ஹெடிங் 2’ இயலையும் ஒக்கும். ஒவ்வொரு வரியும் இன்னதென்று இவற்றாற் குறித்துவிடின், ஸ்டைலை ஒருமுறை மாற்ற, அதனைச் சார்ந்த தலைப்பெல்லாம் ஒருங்கே மாறும். பொருளடக்கத்தைக் கணினியே தொகுக்கும். பக்கம் மாறின் புதுப்பிக்கப் பணித்தலே அமையும். ஆயின், ஸ்டைல் இட்ட வரியிற் கையால் மீண்டும் அளவு மாற்றலாகாது; மாற்றின் அவ்வரி மட்டும் கூட்டத்தினின்று பிரிந்து நிற்கும்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. கண்பார்வையற்ற அன்பர் பலர், திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ போன்ற மென்பொருளின் துணையாற் கேட்டே பணிபுரிகின்றனர். தலைப்புகள் முறையாகக் குறிக்கப்பட்டிருப்பின், ஒரு விசையை அழுத்தித் தலைப்பினின்று தலைப்புக்குச் செல்ல அவர்கட்கு இயலும். வெறுந் தடித்த வரிகளாயின், வேண்டும் பகுதியை அடைதற்கு அறிக்கையைத் தொடக்கமுதல் கேட்டுவருதல் வேண்டும். நம் சோம்பலால் உடன் பணிபுரிவோர்க்கு வாயிலடைத்தல் முறையாமோ?

ஆதலின், இளைஞர்காள், எழுத்தைத் தடிப்பாக்குமுன், ‘இவ்வரி தலைப்போ, உரையோ?’ என்று வினவுமின். நம் சங்கத்து ஆண்டறிக்கையும் இனி அந்நெறியில் அமைவதாக.