உப்போடைப் பிள்ளைகளுடன் உப்பைப் பற்றி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் பேசப்போகிறா என்றதும் சீனி வருத்தம் பற்றித்தான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது உப்பைப் பற்றி. கல்லடி உப்போடைக்காரருக்கு ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறதே! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி வெள்ளத்தில் வாவியின் உப்புக் குறையும், கோடையில் உவர் ஏறும். இடையில் மணலுக்குள், உப்பு நீரின் மேல் மழைநீர் மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்தோம். 2004 டிசம்பர் 26 இல் கடல் கிணறுகளுக்குள் புகுந்தது. இறைத்துச் சுத்தமாக்கப் பார்த்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பு நீரே மேலே வந்தது. கடைசியில் மழைதான் கழுவித் தர வேண்டியிருந்தது.

உடம்புக்குள்ளும் இப்படியொரு சமநிலை இருக்கிறது. வாட்டில் ஏற்றும் சேலைனில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு. கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம். அந்த அளவைக் காப்பது சிறுநீரகத்தின் வேலை. நாங்கள் கூடுதலாக உப்புத் தின்றால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், பிரஷர் ஏறும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகச் சராசரியோ அதன் இருமடங்கு.

கிளினிக்கில் "உப்பைக் குறையுங்கோ" என்று சொல்வது எங்களுக்கு எளிது. ஆனால் தமிழ் எங்களுக்கு எதிர்க்கட்சி! உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்த்தார்கள். ரோசம் கெட்டவனிடம், "நீ உப்புப் போட்டுத்தான் சோறு தின்கிறாயா?" என்று கேட்கிறோம். அப்படியிருக்க, உப்புக் குறைந்த கறியை வைத்தால் ஐயாவுக்குத் தன் மரியாதையே குறைந்த மாதிரி. பழி சமைத்தவளின் தலையில். அதனால் பல வீடுகளில் அம்மா இரண்டு சட்டி வைக்கிறா. அவருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. தன் பிரஷரை அவ பார்ப்பதேயில்லை.

இரண்டு சட்டி வேண்டாம். முழு வீட்டுக்குமே சிறிது சிறிதாகக் குறையுங்கள். சில கிழமைகளில் நாக்குப் பழகிவிடும். தேசிக்காய், பழப்புளி, மிளகு, கறிவேப்பிலை எல்லாம் கைகொடுக்கும். கருவாட்டை விடச் சொல்லி நம் ஊரில் தப்ப முடியாது. நன்றாக ஊறவைத்துக் கழுவி, அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாமல் விடுங்கள். பைக்கற் நூடில்ஸ், சொசேஜ், ஊறுகாய் ஆகியவற்றிலுள்ள உப்பும் கணக்கில் சேரும்.

வெளிநாட்டுத் தோழிகள் இந்துப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அதுவும் சோடியம் குளோரைட்டுத்தான். நிறத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். அயடீன் சேராத இந்துப்புக்கு மாறினால் அது போய்விடும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இது விளையாட்டல்ல. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி இதில் தங்கியிருக்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொற்றாசியம் இருக்கும். சிறுநீரக வருத்தக்காரரும், லொசார்ட்டன், எனலாப்ரில் குளிசை எடுப்போரும் தங்கள் டொக்டரைக் கேளாமல் அதைத் தொடவேண்டாம். இரத்தத்தில் பொற்றாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும்.

தேநீருக்குப் பிறகு மண்டபத்தின் பின்பக்கம் நானும் என் வகுப்புத் தோழிகள் இருவரும் பிரஷர் பார்க்கிறோம். கூட்டிவந்த கணவன்மாரையும் வரிசையில் விடுங்கோ. ஆனால் முதலில் நீங்கள் இருங்கோ.