யாரோடு வந்தாய்?



இங்கே அவலூர்பேட்டையில் வாசகர் வட்டத்தார் என் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு வைரஸ் தலைகாட்டுகிறது. அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுமா, தொற்றாதா என்று சுகாதாரத் துறை எப்படிக் கண்டுகொள்கிறது?

ஆய்வுக்கூடம் கிருமியின் பெயரைச் சொல்லிவிடும். அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தெரிய, வீடு வீடாக ஏறி இறங்குகிற ஒருவர் வேண்டும். அவர் கையில் ஒரு நோட்டு வேண்டும்.

இதற்கான கணக்கு நம் வீட்டிலேயே இருக்கிறது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட நாற்பது பேருக்கு அன்று இரவே வயிற்றால் போகிறது என்றால் என்ன சொல்வோம்? சாப்பாட்டில் கோளாறு, தண்ணீரில் கோளாறு என்போம். ஆனால் அம்மை அப்படி வருவதில்லை. அக்காளுக்கு அம்மை போட்டு, வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அப்பாடா என்று உட்காரும் நேரத்தில், இரண்டு வாரம் கழித்துத் தம்பிக்குப் போடுகிறது. எல்லாரும் ஒன்றாக விழுந்தால் ஊற்று ஒன்று. ஒருவர் விழுந்து, நாள் விட்டு அடுத்தவர் விழுந்தால், ஆளிலிருந்து ஆளுக்குப் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இடைவெளியைத்தான் அதிகாரிகள் தேதி போட்டு எழுதுகிறார்கள்.

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நடந்ததைப் பாருங்கள். பேராம்பிரா பக்கத்தில் ஓர் இளைஞர் மே 5ஆம் தேதி காய்ச்சலில் இறந்தார். அதோடு முடிந்திருந்தால் அது ஒரு வீட்டின் துக்கம். சில நாள் கழித்து அவருடைய சகோதரர், மூளைக்காய்ச்சலோடு ஒரு மருத்துவமனைக்கு வந்தார். அங்கிருந்த மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா? அந்தக் கேள்வியால்தான் மாதிரிகள் மணிப்பாலுக்குப் போயின, புனேவில் உறுதியாயிற்று: நிபா வைரஸ். பழந்தின்னி வௌவாலிடமிருந்து வருவது. வௌவாலிடமிருந்து வந்தது அந்த முதல் இளைஞருக்கு மட்டும்தான் என்று கருதுகிறார்கள். மற்றவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே மனிதரிடமிருந்து தொற்றியது. பிறகு வெளியான ஆய்வு 23 பேரைக் கணக்கில் எடுத்தது. அவர்களில் 21 பேர் இறந்தார்கள். முதல் நோயாளியைப் பார்த்துக்கொண்ட பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரிச் செவிலியர் லினியும் அவர்களில் ஒருவர்.

அந்த நாட்களில் கேரளச் சுகாதாரத் துறையினர் செய்த வேலையைச் சொல்ல எனக்கு வாய் போதாது. நோயாளியோடு ஒரே வார்டில் இருந்தவர், ஸ்கேன் எடுக்கும் வழியில் காத்து நின்றவர், அவரைத் தொட்டுத் தூக்கியவர் என்று ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதினார்கள். ஒவ்வொருவரையும் 21 நாள் கவனித்தார்கள். காய்ச்சல் உண்டா, தலைவலி உண்டா என்று தினமும் விசாரிப்பு.

அடுத்த ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு அதே நிபா. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கண்காணித்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை, மாணவரும் பிழைத்தார். ஒன்றும் வரவில்லை என்று முடிந்த பட்டியலை வீண் வேலை என்று நினைக்காதீர்கள். பரவவில்லை என்று அடித்துச் சொல்ல அந்தப் பட்டியலை விட்டால் வேறு வழி கிடையாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. நோயாளியைப் பார்க்கிற மருத்துவரும் செவிலியரும் படுக்கையில் விழுந்தால், சந்தேகம் பாதிக்குமேல் தீர்ந்தது. 2020 ஜனவரி 20ஆம் தேதி சீன மருத்துவர் ஜோங் நான்ஷான், கொரோனா மனிதருக்கு மனிதர் தொற்றுகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, தொற்றுக்கு ஆளான மருத்துவப் பணியாளர்களையும் சான்றாகக் காட்டினார். இப்போது வைரஸின் மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள். இரண்டு பேரிடம் எடுத்த வைரஸ் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், ஒரே சங்கிலியில் கோத்தவர்களாக இருக்கலாம் என்று தெரியும்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் 1980களிலேயே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வைராலஜி பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் ஓர் ஏற்பாடு செய்தார். மருத்துவர்களின் கையில் அச்சடித்த அஞ்சலட்டை. குறிப்பிட்ட நோய் கண்டால் நோயாளி எந்த ஊர் என்று எழுதித் தபாலில் போட வேண்டும். அரசு மருத்துவரும் எழுதினார், தனியார் கிளினிக் வைத்திருந்தவரும் எழுதினார். கார்டுகள் ஒரே ஊரிலிருந்து வந்து குவிந்தால் அந்த ஊருக்கு ஆள் போவார்கள். மாதம் ஒருமுறை சேதி திரும்பவும் மருத்துவர்களுக்கே போகும். அந்தத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'நதி' என்று வரும். பின்னால் கேரளத்துக் கோட்டயம் மாவட்டம் அதைக் கைக்கொண்டது. கம்ப்யூட்டரும் செல்போனும் பரவாத காலத்தில், ஒரு தபால் கார்டால் ஒரு மாவட்டத்தையே கண்காணித்தார்கள். எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது.

இப்போது நம் சொந்தக் கதைக்கு வருகிறேன். சென்னை கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவி, 2020 மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மூட்டை தூக்கிப் பிழைத்த நம் விழுப்புரம், கடலூர், அரியலூர் பிள்ளைகள் கிடைத்த வண்டியில் ஏறி ஊர் திரும்பினார்கள். நம் விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது அப்போதுதான்.

எங்கள் தெருவுக்கும் ஒரு பையன் வந்தான். சுகாதார ஆய்வாளர் வெயிலில், வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். "யாரோடப்பா வந்தே?" "தனியாத்தான் சார் வந்தேன்" என்றான். அவர் மறுபடி கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே அதையே சொன்னான். காய்கறி லாரியின் பின்னால் ஐந்து பேர் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரே தண்ணீர் பாட்டில். இதை நாலு நாள் கழித்து, தன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த பிறகு, அழுதுகொண்டே சொன்னான். ஏன் மறைத்தான்? அவனைக் கண்டதும் பக்கத்து வீடுகள் கதவைச் சாத்தியதை அவன் பார்த்தான். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவன் தங்கையை வரவிடவில்லை. தன் கூட்டாளிகள் நால்வருக்கும் அவரவர் ஊரில் இந்தக் கதி வரக்கூடாது என்று அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. அந்தப் பொய்க்கு அவனைவிட நாங்கள்தான் பொறுப்பு. நானும் கதவைச் சாத்தியவன்தான். இந்த மேடையில் சொல்லி வருந்துகிறேன்.

நாளைக்கு வேறொரு காய்ச்சல் வரலாம். கிராம சுகாதார செவிலியர் நோட்டோடு உங்கள் திண்ணைக்கு முன்னால் வந்து நிற்பார். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். எங்கே போனீர்கள், யாரோடு உட்கார்ந்தீர்கள், எந்த வண்டியில் வந்தீர்கள், அத்தனையும் சொல்லுங்கள். பெயர் சொல்லப்பட்ட வீட்டுக்கு அரிசி, பால், மருந்து வாங்கிக்கொண்டுபோய் வாசலில் வையுங்கள். கொஞ்ச நாள்தான். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.