கல் நின்றதா? மோட்டார் நின்றதா?



இன்று நாம் பேசப் போவது மாவு அரைக்கும் கிரைண்டரைப் பற்றி. இட்லி மாவு விற்றுப் பிழைப்பவர்களுக்குக் கிரைண்டர்தான் சோறு போடுகிறது. அது ஒரு நாள் இழுக்க முடியாமல் திணறினால் என்ன செய்வது?

முதலில் ஒரு கதை கேளுங்கள்.

கொச்சி வைட்டிலாவில் ஓர் அம்மா இருக்கிறார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தினமும் மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். ஒரு நாள் மாலை உளுந்தைப் போட்டார். கல் மெதுவாகச் சுற்றியது. அரிசியைப் போட்டார். கல் நின்றே போனது. ரப்பர் கருகும் வாடை வந்தது.

"மோட்டார் போச்சு. புதுசு வாங்கு" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். புது மோட்டார் என்றால் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். ஊறிய அரிசியோ பாத்திரம் நிறைய இருக்கிறது. அவர் கண் கலங்கிவிட்டது.

மெக்கானிக் தம்பி வந்தார். வந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, கல் நின்னுச்சா, மோட்டார் நின்னுச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானே தம்பி?"

"இல்லக்கா. ரெண்டும் வேற வேற."

இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் சாரம்.

மோட்டாரின் பலம் கல்லுக்கு எப்படிப் போகிறது?

கோவையில் பி. சபாபதி என்பவர் 1955-இல் மின்சாரக் கிரைண்டரை உருவாக்கினார். கோயம்புத்தூர் கிரைண்டருக்கு 2005-06-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று பல வகைக் கிரைண்டர்கள் உண்டு. மாவுக் கடைகளில் இருக்கும் பெரிய கிரைண்டரில் மோட்டார் தனி, கல் தனி. இரண்டையும் இணைப்பது பெல்ட்.

மோட்டாரில் சின்னப் புல்லி இருக்கும். கல் பக்கம் பெரிய புல்லி இருக்கும். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னப் புல்லி 2 அங்குலம், பெரிய புல்லி 12 அங்குலம் என்றால் பெரிய புல்லி 240 சுற்றுதான் சுற்றும். வேகம் ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. அதற்கு ஈடாக இழுக்கும் பலம் கூடுகிறது. வேகம் வேண்டும் என்று மோட்டாரில் பெரிய புல்லியைப் போடாதீர்கள். மோட்டாருக்குச் சுமை கூடும். சூடாகிக் கருகும்.

சத்தத்தைக் கேளுங்கள்

மோட்டார் சத்தம் மாறாமல் ஓடுகிறது. கல் மட்டும் நிற்கிறது. அப்படியானால் மோட்டாரில் பலம் இருக்கிறது. பெல்ட் வழுக்குகிறது என்று பொருள்.

மோட்டாரும் "ம்ம்" என்று முனகி நிற்கிறது. அப்படியானால் உடனே சுவிட்சை அணையுங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் மின்சாரம் மிக அதிகமாகப் பாயும். சிறிது நேரத்திலேயே காயில் கருகிவிடும்.

செலவில்லாத சோதனைகள்

ஒன்று, சுமை. அரிசி அளவுக்கு மேல் இருக்கிறதா? தண்ணீர் போதவில்லையா? குழவியை அழுத்தும் திருகு இறுகி இருக்கிறதா? கிரைண்டரை வெறுமையாக ஓடவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

இரண்டு, மின்சாரம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது 184 வோல்ட்டாகக் குறைந்தால் என்ன ஆகும்? வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் மோட்டாரின் இழுவிசை 100-இலிருந்து 64 ஆகக் குறைந்துவிடும். மாலையில் விளக்கு மங்கும்போது கிரைண்டர் திணறுவது இதனால்தான். நீளமான, மெல்லிய ஒயர் போட்டு இழுத்தாலும் இதே கதிதான். ஒயரும் பிளக்கும் சூடாகிறதா என்று கவனியுங்கள்.

மூன்று, பெல்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் உள்ளே போனால் சரி. தொளதொளவென்று இருந்தால் வழுக்கும். பெல்ட்டின் பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கிறதா? வெடிப்பு இருக்கிறதா? புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் கிடக்கிறதா? அப்படியானால் பெல்ட்டை மாற்ற வேண்டும். எண்ணெய் பட்டாலும், மாவுத் தண்ணீர் பட்டாலும் பெல்ட் வழுக்கும். மோட்டாரின் அடிப் போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரை நகர்த்தினால் பெல்ட் இறுகும். மிகவும் இறுக்கக் கூடாது. இறுக்கினால் பேரிங் தேயும்.

மெக்கானிக்கின் வேலை

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் தண்டைக் கையால் சுற்றினால் வழவழவென்று சுற்ற வேண்டும். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. முனகல் மட்டும் வந்து மோட்டார் கிளம்பாவிட்டால் கண்டன்சர் போயிருக்கலாம். கண்டன்சர் பலவீனமானாலும் மோட்டார் சூடாகும், பலம் குறையும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கி இருக்கும். நீங்கள் தொடாதீர்கள். கருகிய வாடை மோட்டாருக்கு உள்ளிருந்து வந்தால் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டும். இதுதான் பெரிய செலவு. ஆகவே இதைக் கடைசியாக முடிவு செய்யுங்கள்.

பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல். இரும்பு தீட்டும் பெல்ட் கிரைண்டர்களில் சிலவற்றில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்கும். அதற்கும் இதே வரிசைதான். கூடுதலாக இரண்டைக் கவனியுங்கள். கார்பன் உள்ள மோட்டார் என்றால், கார்பன் தேய்ந்தால் பலம் குறையும், தீப்பொறி பறக்கும். மோட்டார் தண்டிலேயே விசிறி இருந்தால், குறைந்த வேகத்தில் அந்த விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். அந்த நிலையில் அதிக நேரம் அழுத்தித் தீட்டினால் மோட்டார் சூடாகும்.

எழுத்தைப் படியுங்கள்

மெக்கானிக் தம்பி பெல்ட்டைக் கழற்றி அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். "இதில என்ன எழுதியிருக்குன்னு பாருங்கக்கா" என்றார்.

அவர் துடைத்துப் பார்த்தார். "ஏ. அப்புறம் நாற்பது" என்று படித்தார்.

ஏ என்பது பெல்ட்டின் அகலம், கனத்தைக் குறிக்கும் எழுத்து. 40 என்பது அதன் உள் நீளம், அங்குலக் கணக்கில். அதே எழுத்து, அதே எண் உள்ள பெல்ட்டை வாங்க வேண்டும். மோட்டாரில் உள்ள தகட்டிலும் இப்படித்தான் வோல்ட், குதிரைத்திறன், சுற்று எல்லாம் இருக்கும். கண்டன்சர் மாற்றும்போதும் பழையதில் உள்ள மைக்ரோஃபாரட் எண் புதியதில் இருக்க வேண்டும். அதில் போட்டிருக்கும் வோல்ட் குறையக் கூடாது.

அந்த அம்மா தாமே கடைக்குப் போனார். எண்ணைச் சொல்லிப் பெல்ட் வாங்கி வந்தார். அன்று இரவே மாவு அரைந்தது. கடன் வாங்கவில்லை. கிரைண்டருக்குப் பின்னால் சுவரில் பெல்ட் மாற்றிய தேதியைக் கரிக்கட்டியால் எழுதி வைத்தார்.

எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எழுத்தறிவு என்பது கையெழுத்துப் போடுவது மட்டுமல்ல. ஒரு பெல்ட்டில் உள்ள எண்ணைப் படித்து, ஒரு கடனைத் தவிர்ப்பதும் எழுத்தறிவுதான்.

கடைசியாக ஒன்று. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். மூன்று முள் பிளக் போடுங்கள். எர்த் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்றால், அன்று அரைக்கவே வேண்டாம். மாவு போனால் மறுநாள் அரைக்கலாம்.

நாளை உங்கள் கிரைண்டர் திணறினால் பதற வேண்டாம். சுவிட்சை அணையுங்கள். உங்களையே கேளுங்கள்: கல் நின்றதா? மோட்டார் நின்றதா?