ஒண்ணேகாலா, ஒண்ணரையா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைப் பேசக் கூப்பிட்டப்ப, கடன் வாங்கி ஆடு வளர்த்தது, தையல் மிஷின் வாங்கினது மாதிரி ஏதாவது சொல்லுன்னாங்க. நான் பேச வந்தது பின்னக் கணக்கு. சிரிக்காதீங்க. நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தில் இருக்கிற அதே பின்னக் கணக்குதான். அது சரியாத் தெரியாததால எங்க குழு பன்னிரண்டாயிரம் ரூபாயை விட்டிருக்கு. விட்டது வேற யாரும் இல்லை, நோட்டு எழுதுற நான்தான். அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல என் மக கதை.

போன தை மாசம் ஒரு ராத்திரி, அஞ்சாவது படிக்கிற என் மக வீட்டுக்கணக்கு போட்டுக்கிட்டு இருந்தா. 1/4, 1/8 ரெண்டில் எது பெரியதுன்னு கேள்வி. 1/8-ன்னு எழுதி வச்சிருந்தா. "ஏன்டி?"ன்னேன். "நாலை விட எட்டு பெருசும்மா"ன்னா. அதுக்கு அடுத்த கணக்கு 1/2 + 1/4. மேலே இருக்கிற ஒண்ணையும் ஒண்ணையும் கூட்டி ரெண்டு, கீழே இருக்கிற ரெண்டையும் நாலையும் கூட்டி ஆறு, விடை 2/6. நான் தப்புன்னேன். ஏன் தப்புன்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியலை. தலையில ஒரு கொட்டு வச்சேன். அவ அழுதுக்கிட்டே, "எனக்குக் கணக்கு வராதும்மா"ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டா.

அந்த வார்த்தையை நானும் அந்த வயசுலதான் சொன்னேன். பத்தாவது வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன். அதனால எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரலை.

காலையில குதிரைவாலி அரிசி அளக்கிறப்பதான் எனக்கு உரைச்சது. எங்க வீட்டில் மாமியார் வச்சிருந்த படி, உரி, உழக்கு, ஆழாக்கு நாலும் இன்னும் இருக்கு. மகளைக் கூப்பிட்டு முன்னால வச்சேன். "ஆழாக்கால அளந்து படியை நிரப்பு"ன்னேன். எட்டுத் தடவை ஊத்தினா. அப்புறம் உழக்கால அளக்கச் சொன்னேன். நாலே தடவையில நிறைஞ்சிருச்சு. "எட்டுத் தடவை ஊத்த வேண்டி வந்துச்சே, ஏன்?"ன்னு கேட்டேன். "பாத்திரம் சின்னதுல்ல"ன்னா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவளுக்கே பிடிபட்டுருச்சு. எட்டில் ஒண்ணுன்னா ஆழாக்கு, நாலில் ஒண்ணுன்னா உழக்கு. கீழே இருக்கிற எண் பெருசாகப் பெருசாக பாத்திரம் சின்னதாகுது. புத்தகத்தில் மேலே இருக்கிறதைத் தொகுதின்னும் கீழே இருக்கிறதைப் பகுதின்னும் போட்டிருக்கு. பகுதி எந்தப் பாத்திரம்னு சொல்லுது, தொகுதி எத்தனை தடவைன்னு சொல்லுது. அவ்வளவுதான்.

அடுத்து அந்தக் கூட்டல். உரி அரைப்படி, உழக்கு கால்படி. ரெண்டையும் ஒரு குண்டாவில் கொட்டச் சொன்னேன். "இதுல எத்தனை உழக்கு இருக்குன்னு அளந்து பாரு"ன்னேன். மூணு உழக்கு. முக்கால் படி. "நீ போட்ட 2/6-ன்னா என்ன? ஆறு பங்குல ரெண்டு, அதாவது மூணுல ஒரு பங்கு. அது அரையை விடக் குறைச்சல். அரைப்படியோட இன்னும் கால்படியைச் சேர்த்த பிறகு அரைப்படிக்கும் கீழே போகுமா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டா. வேற வேற பாத்திரத்தில் இருக்கிறதை ஒரே பாத்திரத்துக்கு மாத்தின பிறகுதான் கூட்டணும். உரியை ரெண்டு உழக்காக்கி, 2/4-ம் 1/4-ம் 3/4. வேற்றின பின்னத்தை ஓரின பின்னமா மாத்துறதுன்னு பாடத்தில் சொல்றது இதைத்தான். நான் படிக்கிறப்ப இந்தப் பேர்களை மனப்பாடம் பண்ணினேன், ஆனா அது எங்க வீட்டு அடுப்படியில இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலை.

இதுக்கு எனக்கு வழி காட்டினது எங்க தெருவில் இருந்த ஒரு பொண்ணு. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததுக்கு அப்புறம், 2021-ல் அரசு இல்லம் தேடிக் கல்வி கொண்டுவந்தாங்க இல்லையா, அதுல அந்தப் பொண்ணு சாயங்காலம் பாடம் எடுத்தா. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே பன்னிரண்டாவது படிச்சிருக்கணும். நான் பத்தாவது, எனக்கு இடமில்லை. பாய் விரிச்சுக் கொடுக்கிறது, தண்ணிக் குடம் வைக்கிறதுன்னு கூடமாட நின்னேன். அந்தப் பொண்ணு புளியங்கொட்டை, குச்சி, காகிதம்னு கையில கிடைச்சதை வச்சே பாடம் நடத்துவா. காகிதத்தை ரெண்டா மடிச்சா அரை, இன்னொரு மடிப்பு கால், இன்னொரு மடிப்பு அரைக்கால். அரைக்கால்ங்கிற பேரைக் கவனிச்சீங்களா? காலில் அரை. எட்டில் ஒண்ணு காலை விடச் சின்னதுன்னு பேரிலேயே இருக்கு. தமிழ்ல பேரைச் சொன்னாலே பாதிக் கணக்கு முடிஞ்சுருது.

எங்க ஊர்ல ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட இதைச் சொன்னேன். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லியே பிள்ளைகள் பின்னம் படிச்சாங்களாம். கீழ்வாயிலக்கம்னு அதுக்குப் பேர். மான்னா இருபதில் ஒண்ணு, காணின்னா எண்பதில் ஒண்ணு, முந்திரின்னா முந்நூத்து இருபதில் ஒண்ணு. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா. மாவையும் காணியையும் கூட்டினா மாகாணி. ஒரு மாவுக்கு நாலு காணி, அதோட ஒரு காணி, ஆக எண்பதில் அஞ்சு. அதுதான் பதினாறில் ஒண்ணு, வீசம்னும் சொல்லுவோம். பேருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு உட்கார்ந்திருக்கு பாருங்க!

"முக்காலே மூணு வீசம்"னு நாம சொல்றோமே, அது என்னன்னு என் மக போட்டுப் பார்த்தா. முக்கால்ன்னா பதினாறில் பன்னிரண்டு. அதோட மூணு வீசம், பதினாறில் பதினஞ்சு. முழுசுக்கு ஒரு வீசம்தான் பாக்கி. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஒரு வீசம் ரூபாய் ஒரு அணா. 1957 ஏப்ரல் 1-ல் நூறு காசு கணக்கு வந்துருச்சு, கால் ரூபாய்க் காசும் 2011-ல் செல்லாமப் போச்சு. ஆனா நாலணா, எட்டணான்னு நம்ம வாய் இன்னும் சொல்லுதா இல்லையா?

அரிசியில கால், அரை, அரைக்கால் வந்துருது. மூணில் ஒண்ணு வராது. காகிதத்தை மூணா மடிக்கிறதும் பிள்ளைகளுக்குக் கஷ்டம், ஒரு பங்கு பெருசாப் போயிரும். பங்கு சமமா இல்லைன்னா அது பின்னமே இல்லை. தோசையைப் பிய்ச்சு மூணு பேருக்குக் கொடுத்துட்டு ஆளுக்கு மூணில் ஒண்ணுன்னு சொன்னா சின்னவன் ஒத்துக்க மாட்டான், சண்டைக்கு வருவான். அவன் சண்டை நியாயந்தான். சித்திரையில நுங்கு வந்ததும் இந்தக் கவலை தீர்ந்துச்சு. நம்ம காட்டுல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் பனைக்குப் பஞ்சமில்லை. ஒரு நுங்குல மூணு கண்ணு. ஒரு கண்ணு 1/3, ரெண்டு கண்ணு 2/3. என் மகன் நாலு கண்ணு தின்னான். "எத்தனை நுங்கு தின்னே?"ன்னு அக்காக்காரி கேட்டா. 4/3-ன்னு மண்ணுல எழுதினா, அப்புறம் அதையே ஒண்ணும் மூணில் ஒண்ணும்னு மாத்தி எழுதினா. தகா பின்னம், கலப்புப் பின்னம் ரெண்டும் பனை நிழல்லயே முடிஞ்சது. நடுவுல ரெண்டு கண்ணு நுங்கு ஒண்ணு வந்துருச்சு. அதுல ஒரு கண்ணு எவ்வளவுன்னு கேட்டேன். டக்குன்னு மூணில் ஒண்ணுன்னான் மகன். அவ கொஞ்சம் யோசிச்சு, "இதுல அரைம்மா"ன்னா.

இது முக்கியமான இடம். எதோட பங்குன்னு தெரியாம பங்கைச் சொல்ல முடியாது. நம்ம பக்கம் மல்லிகைப்பூ விக்கிற அக்காமாருக்கு இது நல்லாத் தெரியும். கை நீளமான அக்கா அளந்த அரை முழமும், கை குட்டையான அக்கா அளந்த அரை முழமும் ஒண்ணாகுமா? ரெண்டும் அரைதான், ஆனா முழு முழமே வேற.

இப்ப அந்தப் பன்னிரண்டாயிரம். நாலு வருசத்துக்கு முந்தி எங்க குழுவுல பத்துப் பேர் சேர்ந்து ரெண்டு லட்சம் கடன் எடுத்தோம், ஆளுக்கு இருபதாயிரம். ரெண்டு இடத்துல கேட்டோம். ரெண்டுமே மாச வட்டி, முதலுக்கே வட்டி, ரெண்டு வருசத் தவணை. ஒரு தாள்ல 1.25-ன்னும் இன்னொரு தாள்ல 1.5-ன்னும் போட்டிருந்தது. புள்ளிக்கு அந்தப் பக்கம் இருபத்தஞ்சு பெருசா, அஞ்சு பெருசா? நான் அஞ்சு இருந்த தாளைக் குறைச்ச வட்டின்னு காட்டினேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. ஆளுக்கு மாசம் இருநூத்தைம்பது கட்ட வேண்டிய இடத்துல முந்நூறு கட்டினோம். அம்பது ரூபாய், இருபத்து நாலு மாசம், பத்துப் பேர். பெருக்கிப் பாருங்க. எட்டு மாசம் கழிச்சு ஒரு உறுப்பினரோட மகன் நோட்டைப் பார்த்துட்டுத்தான் சொன்னான். அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியலை.

நாலைவிட எட்டு பெருசுன்னு என் மக சொன்னதும், அஞ்சைவிட இருபத்தஞ்சு பெருசுன்னு நான் நினைச்சதும் ஒரே தப்புதான். அவளுக்குத் தலையில கொட்டு. எனக்கு யாரு கொட்டு வைக்கிறது?

எனக்கு இன்னும் ஆறாத விசயம் ஒண்ணு இருக்கு. எங்க குழுவுல ஒரு சின்னம்மா இருக்காங்க, கைநாட்டு. அன்னைக்கு அந்தத் தாளை நான் மனசுக்குள்ள வாசிக்காம, "இது ஒண்ணேகால் வட்டி, இது ஒண்ணரை வட்டி"ன்னு வாய்விட்டுச் சொல்லியிருந்தா, "அடியே, ஒண்ணேகால்தாண்டி குறைச்சல்"னு அந்தச் சின்னம்மாவே சொல்லியிருப்பாங்க. கால் பவுன், அரைப் பவுன் எடை தெரியாத பொம்பளை நம்மள்ல யாராவது இருக்காங்களா? கால் தெரியும், அரை தெரியும். தாள்ல புள்ளி வச்சும் கோடு போட்டும் எழுதிட்டாத்தான் வேற ஏதோ சங்கதின்னு நினைச்சிடுறோம். அதனால இப்ப எங்க குழுவுல எந்த வட்டியையும் தாள்ல இருக்கிறபடி வாசிச்சா ஒத்துக்கிறதில்லை. காலே, அரையே, முக்காலேன்னு சொல்லணும். 0.75-ஐ முக்கால் வட்டின்னு சொல்லணும். சொல்லி, ஆயிரத்துக்கு எவ்வளவுன்னும் சொல்லணும். ஏழரை ரூபாய்.

என் மக இப்ப ஆறாவது போயிட்டா. கணக்குல நூத்துக்கு நூறு வாங்குறான்னு நான் பொய் சொல்ல மாட்டேன், பெருக்கல்ல இன்னும் தடுமாறுறா. ஆனா வராதுன்னு சொல்றதை விட்டுட்டா. சின்னவன் நாலாவது, அவனுக்கு இந்த வருசம் பின்னம் வருது. அக்காக்காரிதான் ஆழாக்கைத் தூக்கிக்கிட்டு முன்னால உட்கார்றா. நான் அரிசி சிந்தாமப் பார்த்துக்கிறேன்.

எங்க குழுக் கூட்டம் முடிஞ்ச பிறகு கால்மணி நேரம் பிள்ளைகளையும் உட்கார வச்சு அளக்க விடுறோம். படி, உரி, உழக்கு, ஆழாக்கு நாலும் ஒரு செட்டா எங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கு. பரணில, கொல்லையில, பழைய பாத்திரத்தோட யார் வீட்டுலயாவது கிடந்தா எடைக்குப் போட்டுறாதீங்க. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாங்க, எத்தனை இருக்குன்னு பார்த்து குழுவுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்குவோம். இருக்கிறவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க பார்ப்போம்... ஒண்ணு, ரெண்டு, மூணு... அந்தக் கடைசியில யாரு, பெரியம்மாவா? உங்ககிட்ட மரக்காலே இருக்கா? அப்ப அதையும் கொண்டுவாங்க.